சிதறலும் இரண்டு கண்ணாடிகளும்

வணக்கம் சார்,
குன்னூரிலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அணுக்கருவில் பட்டு எலக்ட்ரான் சிதறுவதற்கான மாட் சூத்திரத்தை காமா மேட்ரிக்ஸ் (டிராக் சமன்பாட்டில் வரும் 4×4 எண் அட்டவணைகள்), ட்ரேஸ் (மேட்ரிக்ஸின் மூலைவிட்ட எண்களின் கூட்டல்) என்று பக்கம் பக்கமாகப் போட்டுத்தான் வரவழைக்கிறோம். திசையன்களையே நேரடியாகப் பெருக்கும் வடிவியல் இயற்கணிதத்தில் மேட்ரிக்ஸே வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். விடை ஒன்றுதானே, எதற்கு இன்னொரு மொழி என்கிறார் எங்கள் பேராசிரியர். நான் நேரத்தை வீணாக்குகிறேனா?
(குன்னூர் மாணவர்)

அன்புள்ள தம்பி,

வீணே இல்லை. ஆனால் விடை ஒன்றுதான் என்று உங்கள் பேராசிரியர் சொல்வதும் சரி. வடிவியல் இயற்கணிதத்தின் பெருக்கல் விதியை கணிதவியலாளர் கிளிஃபோர்டு 1878லேயே எழுதிவிட்டார். 1928ல் இயற்பியலாளர் டிராக்குக்கு எலக்ட்ரானுக்காக அதே விதி தேவைப்பட்டது. 4×4 மேட்ரிக்ஸ்களாக எழுதினார். 1966ல் ஹெஸ்டெனிஸ், காமாக்கள் காலவெளியின் நான்கு திசையன்களேதான், மேட்ரிக்ஸ் அவற்றுக்குப் போட்ட சட்டை என்று காட்டினார்.

கோத்தகிரியில் நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையில் இரண்டு கண்ணாடிகள் மூலையில் செங்கோணமாகச் சேர்கின்றன. அந்த மூலையைப் பார்த்தால் இடவலம் மாறாத முகம் தெரியும். வகிடு இருக்கவேண்டிய பக்கத்திலேயே இருக்கும். இரண்டு முறை பிரதிபலித்தால் அது ஒரு சுழற்சி; கண்ணாடிகளுக்கு நடுவே 90 டிகிரி என்றால் பிம்பம் 180 டிகிரி திரும்பும். இரண்டு திசையன்களைப் பெருக்கினால் கிடைப்பது இதுதான். அந்தப் பெருக்கல் சுமப்பது பாதிக் கோணத்தை. எலக்ட்ரானின் ஸ்பின்னும் (அதன் உள்ளார்ந்த சுழல் தன்மை) அப்படித்தான்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். எலக்ட்ரானின் ஆற்றல் ஆ, உந்தத்தில் வந்த மாற்றம் உ, ஒளியின் வேகம் 1 என்று வையுங்கள். ஸ்பின் சம்பந்தப்பட்டது முழுக்க 2ஆ + உ என்ற ஒன்றில் அடங்கிவிடுகிறது. எண்ணையும் திசையனையும் கூட்டலாமா என்று தயங்காதீர்கள், இங்கே அது சகஜம். பெருக்கல் வரிசையைத் திருப்பினால் 2ஆ − உ. இரண்டையும் பெருக்குங்கள்: 4ஆ² − உ². உ-வின் அளவு, உந்தத்தின் இரு மடங்கை, சிதறிய கோணத்தில் பாதியின் சைனால் பெருக்கியது. அதைப் போட்டு 4ஆ²-ஐ வெளியே எடுத்தால் உள்ளே நிற்பது 1 − (வேகம் × பாதிக் கோணத்தின் சைன்)². மாட் சூத்திரத்தில் ஸ்பின்னால் வரும் காரணி அதுதான். ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ட்ரேஸ் எல்லா ஸ்பின்களையும் கூட்டிச் சராசரி எடுத்து ஓர் எண்ணைக் கையில் கொடுக்கிறது. ஸ்பின்னுக்கு என்ன ஆனது என்பது அங்கேயே தொலைந்துபோகிறது. 2ஆ + உ-வில் அது தொலைவதில்லை. எலக்ட்ரானின் ஓய்வுநிலைக்குக் கொண்டுபோனால் சுத்தமான ஒரு சுழற்சி மிஞ்சும். எந்தத் தளத்தில், எவ்வளவு என்று நேராகப் படிக்கலாம்.

ஃபைன்மன் படங்களில் பல வளையங்கள் வரும் பெரிய கணக்குகளில் இந்த முறையால் பெரிய லாபம் இல்லை. அங்கே கணினிதான் ட்ரேஸ் எடுக்கிறது. பரீட்சையிலும் ட்ரேஸையே எழுதுங்கள்.

அப்புறம், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயும், ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகத்தை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். 560 சதுர மீட்டர் பரப்பில் மியூவான்களை (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்கள்) பதிவுசெய்யும் 3712 குழாய்கள், மேலே கிட்டத்தட்ட 2 மீட்டர் கான்கிரீட். அதைத் துளைத்து வரும் ஒவ்வொரு மியூவானும் வழியில் எத்தனையோ அணுக்கருக்களைக் கடந்து துளித்துளியாகத் திரும்பியபடியே வருகிறது. அதுவும் எலக்ட்ரானைப் போல அரை ஸ்பின் துகள்தான். வேகம் குறைவென்றால் 2ஆ-வுக்கு முன் உ சிறியது, ஸ்பின் ஏறக்குறைய அசையாது. ஒளியின் வேகத்தை நெருங்கினால் பாதை திரும்பும் அளவுக்கு ஸ்பின்னும் கூடவே திரும்பும். இந்த இரண்டு எல்லைகளையும் 2ஆ + உ-விலிருந்து வரவழைத்து எனக்கு அனுப்புங்கள். என் இணையதளத்தில் போடுகிறேன்.

அன்புடன்.