பெரிய கப் வாங்கினால் காபி திடமாகாது

கேள்வி: காபிக் கடையில் பலகையைப் பார்த்தால் ஒன்றும் புரிவதில்லை. லாட்டேயில் பெரிய கப் கேட்டு வாங்குகிறேன். ஆனாலும் பால் குடித்த மாதிரிதான் இருக்கிறது. திடமாக, இனிப்பில்லாமல் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பது?

பெரிய கப் கேட்பதுதான் சிக்கல். லாட்டே, கப்புச்சினோ இரண்டுக்கும் அடியில் இருப்பது எஸ்பிரெஸோ, அதாவது இயந்திரம் அழுத்தி இறக்கும் திடமான காபி. ஒரு ஷாட், அதாவது அதில் ஒரு அளவு, சுமார் 30 மில்லி. அதை 350 மில்லி கப்பில் விட்டுப் பாலால் நிரப்பினால் பால்தானே தெரியும்? அடுத்த முறை இயந்திரத்தைக் கவனியுங்கள். பழுப்பு நிறத்தில் மெல்லிசாக இறங்குகிற காபி, பல கடைகளில் நடுக் கப்புக்கும் பெரிய கப்புக்கும் ஒரே அளவுதான். பால் ஜாடிதான் இன்னும் கொஞ்ச நேரம் சாய்கிறது.

அதனால் இப்படிக் கேளுங்கள்: "சின்ன கப், இரண்டு ஷாட், சிரப் வேண்டாம்." பெயர் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் ஃப்ளாட் ஒயிட்; சின்ன கப்பில் எஸ்பிரெஸோவும் குறைவான பாலும். பாலே வேண்டாம் என்றால் அமெரிக்கானோ; அது எஸ்பிரெஸோவும் வெந்நீரும் மட்டும். கேரமல் மக்கியாட்டோ பக்கம் போகாதீர்கள், அது இனிப்புப் பால். வெறும் மக்கியாட்டோ என்பது எஸ்பிரெஸோ மேல் துளி நுரை, அது வேறு.

பணம் கட்டும்போது, "இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் பெரியதே கிடைக்கும்" என்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள். கூடுதல் காசு பாலுக்குத்தான் போகிறது. கவுன்டரில் நிற்கும் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, அப்படிக் கேட்கச் சொல்லித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். பலகையில் சிரப் வகைகளுக்கு அத்தனை இடம் இருக்கிறது. எந்தக் கப்பில் எத்தனை ஷாட் என்று எழுத ஒரு வரிக்கு இடமில்லையாம்! இதைப் பல கடைக்காரர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு இடத்தில் பெரிய கப் நிஜமாகவே கூடுதல் காபி. பெரிய குடுவையில் வடித்து வைத்திருக்கும் கறுப்புக் காபியைச் சொல்கிறேன். அதில் ஷாட் கணக்கே கிடையாது, கப் எவ்வளவோ அவ்வளவு காபி. 240 மில்லியில் சுமார் 95 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். ஒரு ஷாட் எஸ்பிரெஸோவில் 60 சொச்சம்தான். ஆகவே அதில் கப் பெரிதானால் காஃபீனும் கூடவே ஏறும். சாயங்காலத்துக்கு மேல் அதில் பெரியது வாங்காதீர்கள், தூக்கம் போய்விடும். ருசி மட்டும் எந்தக் கப்பிலும் ஒன்றுதான், ஒரே குடுவையிலிருந்து வருவதுதானே.

ஷாட் எத்தனை என்று கேட்டுக் காசு வாங்குபவருக்குத் தெரியவில்லையா? காபி போடுபவரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதுவரை பணம் கட்டாதீர்கள்.