இல்லாத பாதம் எரிகிறது: 65,000 ரூபாய் ஹெட்செட் வாங்கலாமா?

கேள்வி: சர்க்கரை வியாதியால் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எட்டு மாதமாகியும், இல்லாத அந்தப் பாதம் தணலில் வைத்ததுபோல் எரிகிறது என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கடையில் ஏஆர் ஹெட்செட் (கண்ணெதிரே இருப்பதன்மேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும் கருவி) காட்டினார்கள். மாட்டிக்கொண்டால் அந்தக் கால் மறுபடி தெரியுமாம், அதன்மேல் பனி கொட்டுமாம், எரிச்சல் போய்விடுமாம். விலை 65,000 ரூபாய். இன்றே பாதிப் பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். நம்பலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: இன்று ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அப்பாவின் எரிச்சல் நிஜம். கடைக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்று பார்த்துவிடுவோம்.

வலியையும் சூட்டையும் தோல் மட்டும் முடிவு செய்வதில்லை. கண் சொல்வதையும் மூளை சேர்த்துக்கொள்கிறது. 2007-ல் வெளியான ஒரு சோதனையில் உறைகுளிரான உலோகத்தைக் கையில் ஒற்றினார்கள். நீல விளக்கைக் காட்டியபோது இருந்ததைவிட, சிவப்பு விளக்கைக் காட்டியபோது அதே உலோகம் அதிகம் வலித்தது. ஏஆரில் தங்கள் கைமேல் பொய்த் தீ எரிவதைப் பார்த்தவர்களில் சிலருக்கு நிஜமாகவே சூடு தெரிந்திருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், தீக்காயத்துக்குக் கட்டுப் பிரிக்கும்போது நோயாளிகளைப் பனி உலக விளையாட்டில் இறக்கிவிட்டார்கள். பனி உருண்டை எறிந்துகொண்டிருந்த நேரத்தில் வலி குறைந்தது.

உங்களுக்கு நெருக்கமானது 2016-ல் வந்த ஸ்வீடன் ஆய்வு. கை இழந்த 14 பேருக்கு ஏஆரில் பயிற்சி கொடுத்தார்கள்; 12 அமர்வுகளில் இல்லாத கையின் வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மீதமிருந்த கையில் மின்முனைகளை ஒட்டி, தசை தரும் சிக்னலை எடுத்து, திரையில் தெரிந்த கையை அவர்களையே அசைக்கவைத்தார்கள். மருந்தே அந்த அசைவுதான் என்பது என் கருத்து. இந்தக் கடை ஹெட்செட்டில் அப்படி எதுவும் உண்டா என்று கேளுங்கள். சும்மா பனி கொட்டுகிற படம் என்றால் அதற்கு 65,000 ரூபாய் தரத் தேவையில்லை.

அதற்கு முன் முகம் பார்க்கும் கண்ணாடியை முயலுங்கள். இல்லாத உறுப்பின் வலிக்கு இந்த வழியை 1990-களில் காட்டியவர் மூளை நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அப்பாவைக் கட்டிலில் காலை நீட்டி உட்கார வையுங்கள். நீளமான கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவே, நல்ல காலைப் பார்த்தபடி நிறுத்துங்கள். இல்லாத பாதம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பாதம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நல்ல பாதத்தை மெல்ல மடக்கி நீட்டட்டும். கால் இழந்தவர்களிடம் 2007-ல் நடந்த ஆய்வில் தினம் 15 நிமிடம், நான்கு வாரம் செய்தார்கள், பலன் இருந்தது. முழுக் காலைப் பார்த்ததும் சிலர் உடைந்துபோனதும் உண்டு, அதனால் முதல் நாள் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். சர்க்கரைக் காலில் கீறல்கூட ஆபத்து. கண்ணாடி விளிம்பை டேப் சுற்றி மூடிவிடுங்கள். கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் காட்டி, வெட்டிய இடத்தில் புண் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

அப்புறமும் ஹெட்செட் வேண்டும் என்றால், ‘வலி குறையும்’ என்பதைக் கடை லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள். வலிக்கு என்று விற்றால் அது மருத்துவ சாதனம். பதிவு எண்ணோ உரிம எண்ணோ கேளுங்கள். வீட்டில் வைத்துப் பார்த்துத் திருப்பித் தர அவகாசமும் கேளுங்கள். பொய் விளம்பரம் என்று தெரிந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஃபோன் செய்து புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஏசிக்குப் பதிலாகப் பனிமலை காட்டும் ஹெட்செட் வாங்கினால் வெயில் தாங்குமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: வேண்டாம். குளிர்வதுபோல் தோன்றலாம், உடம்புச் சூடு இறங்காது. வியர்த்துக் கொட்டும்போது தண்ணீர் குடிக்க மறந்துபோவதுதான் ஆபத்து. வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஏர்கூலரோ ஃபேனோ வாங்குங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.