ஸ்கேல் மாடல் கார்கள்: கட்டுவதும் நுணுக்கம் சேர்ப்பதும் – கேள்வி பதில்

பிளாஸ்டிக் கிட் வாங்கிக் கார் மாடல் கட்டுகிறவர்களும், கட்டத் தொடங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். இதுவரை ஒரு கிட்டும் கட்டியதில்லை. எதில் தொடங்கலாம் ஐயா? 1/24, 1/25 என்று ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு விகிதங்கள் ஏன் இருக்கின்றன?

பதில்: 1/24-இல், எஞ்சின் இல்லாத ஒரு கிட்டை எடுத்துத் தொடங்குங்கள். நான்கு மீட்டர் நீளமுள்ள கார் இந்த விகிதத்தில் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் வரும். கையில் பிடித்து வேலை செய்வதற்கு இது வசதியான அளவு. தமியா, ஹாசெகாவா, ஃபுஜிமி, அவோஷிமா ஆகிய நான்கு நிறுவனங்களும் ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தைச் சேர்ந்தவை; அவற்றின் கார் கிட்டுகளில் பெரும்பாலானவை 1/24-இல் வருகின்றன. 1/25 என்பது அமெரிக்க மரபு. கார் விற்பனையகங்களுக்காக விளம்பர மாடல்களைச் செய்துவந்த ஏஎம்டி நிறுவனம், 1958-இல் அதே 1/25 விகிதத்தில், ஒரே பெட்டியிலுள்ள பாகங்களைக் கொண்டு தொழிற்சாலை வடிவிலோ, மாற்றியமைத்த வடிவிலோ, பந்தய வடிவிலோ கட்டிக்கொள்ளக்கூடிய கிட்டுகளை வெளியிட்டது. அந்த வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு எளிதில் தெரியாது. ஆனால் ஒன்றின் சக்கரத்தையோ இருக்கையையோ மற்றதில் பொருத்தும்போது தெரிந்துவிடும்.

பாகங்களை வெட்டியெடுக்கும் நல்ல நிப்பர் ஒன்றும், புதிய பிளேடுகளும், 400 முதல் 2000 எண் வரையிலான உப்புத்தாள்களும் இருந்தால் முதல் கிட்டுக்குப் போதும். காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். ஐப்பசி மழை நாளில் ஸ்பிரே கேனில் கறுப்பு அடித்தேன். காய்ந்ததும் சாம்பல் பூத்ததுபோல் வெண்மையாகிவிட்டது. பெயின்ட் கெட்டுப்போனதா?

பதில்: பெயின்ட்டில் குறையில்லை, காற்றின் ஈரப்பதம்தான் காரணம். ஸ்பிரே கேனில் இருக்கும் லாக்கர் (lacquer) வகைப் பெயின்ட்டில் உள்ள கரைப்பான் மிக விரைவாக ஆவியாகிறது, ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, அப்படிக் குளிர்ந்த பரப்பின் மேல் காற்றிலுள்ள ஈரம் நுண்துளிகளாகப் படிந்து பூச்சுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. வெளிர் நிறங்களிலும் இது நடக்கும், ஆனால் கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். நீங்கள் பூச்சு முழுவதையும் உரித்தெடுக்கத் தேவையில்லை. ஈரம் குறைந்த ஒரு நாளில், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மிக மெல்லிய பனிபோல் மேலே அடித்தால், பூச்சு சற்றே இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். இனிமேல் ஸ்பிரே வேலையை மழை நாட்களில் தவிர்த்துவிடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால், வெளியே அடித்த உடனே, ஏ.சி. ஓடி ஈரம் குறைந்த அறையில் மாடலைக் காயவிடுங்கள்.

கேள்வி: என்னுடைய மாடல்கள் எவ்வளவு பளபளப்பாக வந்தாலும் பொம்மைபோலவே இருக்கின்றன. கண்காட்சிகளில் பார்க்கும் மாடல்கள் உண்மைக் கார்போல் இருக்கின்றனவே, வித்தியாசம் எங்கே?

பதில்: நான் விரிவாக எழுத விரும்பிய கேள்வி இது. பெரும்பாலான மாடல்களைப் பொம்மையாக்குவது தடிமன். உண்மைக் காரின் மொத்தப் பூச்சே ஏறக்குறைய 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர்தான். மாடலின் மேல் நாம் ஏற்றும் பிரைமர் என்னும் அடிப்பூச்சு, நிறம், கிளியர் கோட் என்னும் நிறமற்ற மேற்பூச்சு எல்லாம் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் ஆனால், விகிதப்படி அது உண்மைக் காரில் 2.4 மில்லிமீட்டர் பூச்சுக்குச் சமம். அந்தத் தடிமனில் கதவின் விளிம்புகள் மழுங்கும், எழுத்துகள் புதையும், கதவுக்கும் உடலுக்கும் இடையிலான கோடு பாதி நிரம்பிவிடும். நீங்கள் அனுப்பிய சிவப்புக் காரின் படத்தில் முன் கதவின் கோடு மேல் பகுதியில் தெளிவாகவும், கீழே வர வரத் தேய்ந்து காணாமலும் போயிருப்பதைக் கவனியுங்கள்; பெயின்ட் கீழ்நோக்கி வழிந்து அங்கே தேங்கியிருக்கிறது.

ஆகவே பிரைமருக்கு முன்பே எல்லாக் கோடுகளையும் கோடு கீறும் கூர்முனைக் கருவியான ஸ்கிரைபர் கொண்டு, ஒரே அழுத்தத்தில் வெட்ட முயலாமல், பல முறை மெல்ல இழுத்து ஆழப்படுத்துங்கள். அகலப்படுத்திவிடக் கூடாது: உண்மைக் காரின் 4 மில்லிமீட்டர் இடைவெளி 1/24-இல் 0.17 மில்லிமீட்டர்தான். நிறம் காய்ந்த பிறகு, நீர்க்க இளக்கிய எனாமலைக் கோடுகளில் ஓடவிட்டு, மேலே கசிந்ததைத் துடைத்துவிடலாம்; கீழே இருப்பது நன்கு காய்ந்த லாக்கராக இருந்தால் அதற்குச் சேதம் வராது. இங்கே பலர் கறுப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாத வழக்கம். வெள்ளைக் காருக்குச் சாம்பலும் சிவப்புக் காருக்கு அடர் பழுப்பும் போதும். கறுப்பு ஓட்டினால் கார் பென்சிலால் வரைந்ததுபோல் ஆகிவிடும்.

மெட்டாலிக் நிறங்களுக்கும் இதே கணக்குதான். கார்க் கடையில் கிடைக்கும் டச்-அப் பெயின்ட்டில் உள்ள உலோகத் துகள் முழு அளவுக் காருக்கென அரைக்கப்பட்டது. மாடலின் மேல் அதே துகள் 24 மடங்கு பெரிதாகத் தோன்றி ஜிகினாபோல் மின்னும். மாடல்களுக்கென்றே நுண்துகளில் தயாராகும் நிறங்களை வாங்குங்கள், விலை கூடுதலானாலும் இதில் சிக்கனம் வேண்டாம்.

கேள்வி: பெயின்ட் கடையில் விற்கும் என்.சி. தின்னரை ஏர்பிரஷ்ஷுக்குப் பயன்படுத்தலாமா அண்ணா?

பதில்: ஏர்பிரஷ்ஷைக் கழுவுவதற்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பூச்சில் கலக்க வேண்டாம். கிட்டுகளின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை அது இளக்கிவிடும். எந்தக் கரைப்பானையும் முதலில் பாகங்களைத் தாங்கிவரும் சட்டமான, வெட்டி எறியும் ஸ்ப்ரூவின் துண்டு ஒன்றின் மேல் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: ஃபெவிகுவிக் வைத்துக் கண்ணாடிகளை ஒட்டினேன், எல்லாம் பனிமூட்டமாகிவிட்டது.

பதில்: அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் படிந்து வெண்மையாக உறைந்திருக்கிறது. மெல்லிய படிவாக இருந்தால் பாலிஷ் காம்பவுண்டால் தேய்த்து எடுக்கலாம். அடுத்த முறை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், பிசிறியதை ஈரத்துணியால் துடைக்கலாம்.

கேள்வி: 1957 செவ்ரோலெ பெல் ஏர் 1/25 கிட் கட்டுகிறேன். குரோம் பட்டைகளை எப்படிச் செய்வது? எஞ்சினுக்கு ஒயர் இணைக்கவும் ஆசை.

பதில்: மிக நல்ல கார், இந்த இரண்டு வேலைகளையும் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமானது குறைவு. பட்டைகளுக்கு ஒட்டும் வகையிலான மெல்லிய உலோகப் படலம், அதாவது பேர்-மெட்டல் ஃபாயில், வாங்குங்கள். பட்டையைவிட அகலமாக ஒரு துண்டை வெட்டி ஒட்டி, பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீவி, பல்குச்சியால் ஓரங்களில் அழுத்தி, புத்தம் புதிய பிளேடால் எடையே கொடுக்காமல் ஓரத்தை வெட்ட வேண்டும். பிளேடு மழுங்கியிருந்தால் படலம் கிழியும், நீங்கள் அழுத்துவீர்கள், கீழே உள்ள பெயின்ட்டும் வெட்டுப்படும். எழுத்துச் சின்னங்களுக்கு வேறு வழி உண்டு: நிறம் அடிப்பதற்கு முன்பே அவற்றின் மேல் படலத்தை ஒட்டிவிட்டு, நிறம் காய்ந்த பின் எழுத்தின் மேடான பகுதியை மட்டும் மெல்லத் தேய்த்தால் உலோகம் வெளிப்படும். இந்தக் காரின் பின்பக்கவாட்டில் உள்ள வரியோடிய அலுமினியத் தகடு பளபளக்கும் குரோம் அல்ல, அதனால் அங்கே மங்கலான அலுமினியப் படலம் வேண்டும். முன் கிரில்லின் வலை பெல் ஏரில் தங்க நிறம்.

ஒயருக்கு வருகிறேன். ஸ்பார்க் பிளக் ஒயர் உண்மையில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர், 1/25-இல் 0.28. எனவே 0.3 மில்லிமீட்டர் கம்பியும் அதே அளவு டிரில் பிட்டும் போதும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்புறம் இருக்கும். அதன் மூடியில் சுற்றிலும் எட்டுத் துளைகளும், உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்கான ஒயருக்கு நடுவில் ஒன்றும் இடுங்கள். எட்டு சிலிண்டர் கொண்ட இந்த வி8 எஞ்சினில் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்த்தால் இடப்பக்க சிலிண்டர்கள் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. சிலிண்டர்களில் எரிபொருள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. மூடியின் மேலிருந்து பார்த்து, கடிகார முள் சுற்றும் திசையில் இந்த வரிசைப்படியே ஒயர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், உண்மை எஞ்சினை அறிந்தவர் குனிந்து பார்க்கும்போதும் தவறு இருக்காது.

கேள்வி: பழைய கிட்டின் டயர்கள் சக்கரத்தையே உருக்கிவிட்டன. ஏன்?

பதில்: வினைல் டயரை மென்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருள் காலப்போக்கில் கசிந்து பாலிஸ்டைரீனை இளக்குகிறது, வெப்பமான இடத்தில் இன்னும் விரைவாக. பாகங்களைத் தனித்தனிப் பையில் வையுங்கள். கட்டும்போது சக்கரத்தின் மேல் டயர் படும் இடத்தில் உலோகப் படலத்தை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: ஸ்பிரே அடிக்கும்போது சாதாரண முகக்கவசம் போதுமா?

பதில்: போதாது. துணியோ அறுவை முகக்கவசமோ கரைப்பான் ஆவியைத் தடுக்காது. ஆவி உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய கவசம் வேண்டும். ஹார்டனர் கலந்த இரு பாக யூரித்தேன் கிளியரில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருப்பதால், குழந்தைகள் உள்ள வீட்டிற்குள் அதை அடிக்கவே அடிக்காதீர்கள்.

கேள்வி: அப்பா வாடகைக்கு ஓட்டிய அம்பாசடரை 1/24-இல் செய்து அவருக்குக் கொடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் அப்பாவிடம் அது எந்த ஆண்டு வண்டி என்று கேளுங்கள். மாரிஸ் ஆக்ஸ்ஃபர்ட் மூன்றாம் வரிசையிலிருந்து வந்த அம்பாசடரின் உற்பத்தி மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை நடந்தது. உடலின் பொது வடிவம் அதிகம் மாறவில்லையென்றாலும், மார்க் எனப்படும் பதிப்பு மாற மாற கிரில்லும் டாஷ்போர்டும் மாறின. கிரில் தவறாக இருந்தால் மற்றவர்கள் கவனிக்காமல் போகலாம், அந்த வண்டியை ஓட்டியவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

அடுத்து, ஓடும் நிலையில் உள்ள ஒரு வண்டியைத் தேடி டேப்பால் அளந்து, பக்கவாட்டில் தொலைவிலிருந்து படமெடுங்கள். அருகிலிருந்து எடுத்தால் முன்புறம் ஊதித் தெரியும். இரு அச்சுகளுக்கு இடையே 97 அங்குலம், அதாவது 2464 மில்லிமீட்டர்; உங்கள் மாடலில் அது 102.7 மில்லிமீட்டர். படத்தை இந்த அளவுக்குப் பொருத்தி அச்சிட்டால் மற்ற அளவுகளை அதிலிருந்தே எடுக்கலாம். உடலை முப்பரிமாண அச்சில் ரெசினில் எடுப்பதே இன்று நடைமுறையில் எளிது. ஆனால் 0.05 மில்லிமீட்டர் அடுக்குகூட விகிதப்படி 1.2 மில்லிமீட்டர் படிக்கட்டாகும். உருண்ட கூரையிலும் பானெட்டிலும் அது நிறத்தின் கீழே வரிவரியாகத் தெரியும். எனவே பிரைமர் அடித்து, 600 எண் உப்புத்தாளால் நீரோடு தேய்த்து, மீண்டும் அடித்து, வரிகள் முற்றிலும் மறையும் வரை அதைத் தொடருங்கள். கிரில்லையும் கைப்பிடிகளையும் உடலோடு சேர்த்து அச்சிடாமல் தனியாக எடுங்கள், அப்போதுதான் உடலைத் தடையின்றித் தேய்க்க முடியும். நம்பர் பிளேட்டின் எழுத்துகளை நீரில் நனைத்து ஒட்டும் டீக்கால் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். வண்டியின் பழைய புகைப்படம் ஏதேனும் வீட்டில் இருந்தால் எழுத்தின் வடிவத்தையும் இடைவெளியையும் அதைப் பார்த்தே அமையுங்கள்.