தை மாதக் கல்யாணமும் டெக்சாஸ் பள்ளிக்கூடமும்

தம்பி, கோவையிலிருந்து டெக்சாஸ் மாநிலத்தின் பிளேனோவுக்கு இப்போதுதான் குடிவந்திருக்கிறீர்கள். மகள் ஏழாவது, மகன் இரண்டாவது. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூன்று வாரம் ஊருக்குப் போகவேண்டும், லீவ் லெட்டர் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியிலிருந்தும், ஊர்ப் பள்ளிகளையெல்லாம் நிர்வகிக்கிற ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலிருந்தும் வந்து குவிகிற மெயில்களையெல்லாம் படித்துத்தான் ஆகவேண்டுமா என்பது இரண்டாவது கேள்வி.

லெட்டர் மட்டும் போதாது. நம் ஊரில் கிளாஸ் டீச்சர் தலையாட்டிவிட்டால் வேலை முடிந்தது. இங்கே வருகைப் பதிவு மாநிலச் சட்டத்தின் கீழ் வருகிறது. கிண்டர்கார்டன் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, வகுப்பு நடக்கிற நாட்களில் 90 சதவீதமாவது பிள்ளை வந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த வகுப்புக்கு இறுதி மதிப்பெண்ணே கிடைக்காமல் போகலாம். வருடத்துக்கு 170 நாளை ஒட்டித்தான் பள்ளி நடக்கும். அதில் பத்து சதவீதம் 17 நாள். உங்கள் பயணம் ஒன்றே 14, 15 நாளைத் தின்றுவிடும். பிப்ரவரியில் ஃப்ளூ வந்து பிள்ளை நான்கு நாள் படுத்தால் கணக்கு தாண்டிவிட்டது. 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் பிரின்சிபால் ஒப்புக்கொள்கிற ஒரு திட்டத்தின்படி ஈடுகட்ட வழி உண்டு. ஆனால் ஏழாவது படிக்கிற பெண்ணை அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இன்னொரு கணக்கும் ஓடும். கல்யாணத்துக்காக ஊருக்குப் போவது, பள்ளி கட்டாயம் அனுமதிக்கவேண்டிய காரணங்களில் இல்லை. அனுமதிப்பதும் மறுப்பதும் பள்ளி நிர்வாகத்தின் கையில். மறுத்துவிட்டால், நான்கு வாரத்துக்குள் மூன்று நாள் அனுமதியில்லாமல் பிள்ளை வராமல் இருந்தாலே எச்சரிக்கைக் கடிதம் வரும். ஆறு மாதத்துக்குள் பத்து நாள் ஆனால், 12 வயது நிரம்பிய பிள்ளையின் பெயர், பள்ளிக்கு வராத வழக்குகளை விசாரிக்கிற நீதிமன்றத்துக்குப் போகலாம். பெற்றோர் மேலும் வழக்கு வரலாம். 2015-க்கு முன்னால் இது பிள்ளைகள் மீதே குற்ற வழக்காக இருந்தது. இப்போது பிள்ளைகள் மேல் சிவில் வழக்குதான், என்றாலும் அந்தக் கடிதத்தில் கோர்ட் என்ற சொல்லைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே இரண்டு பள்ளிகளிலும் பேசிவிடுங்கள்.

தேதி இன்னும் நிச்சயமாகவில்லை என்றால் வீட்டில் கேட்டுப்பாருங்கள். இங்கே குளிர்கால விடுமுறை முழுக்க மார்கழியில் விழுகிறது, நம்மவர்கள் கல்யாணம் வைக்காத மாதம். தை பிறக்கும்போது பள்ளி திறந்து புது செமஸ்டர் ஓடத் தொடங்கியிருக்கும். கோடை விடுமுறையோ மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை. வைகாசிக் கடைசி முகூர்த்தமும் ஆனி முகூர்த்தமும் அதற்குள் வந்துவிடும். தைதான் என்று முடிவாகிவிட்டால், நிச்சயம் முதல் மறுவீடு வரை நீங்களோ வீட்டம்மாவோ முன்கூட்டியே போய் இருங்கள். பிள்ளைகள் முகூர்த்தத்தை ஒட்டி ஒரு வாரம் வந்தால் போதும். அத்தை கல்யாணத்தில் பிள்ளைகள் இல்லாமல் எப்படி? அவர்கள் கட்டாயம் இருக்கவேண்டும், நாள் எண்ணிக்கையைத்தான் குறைக்கச் சொல்கிறேன்.

சட்டம் நமக்குச் சாதகமாக இருக்கிற இடங்களும் உண்டு. மதப் பண்டிகைக்காக விடுப்பு கேட்டால் டெக்சாஸில் பள்ளி தந்தே ஆகவேண்டும். கொண்டாட வெளியூர் போனால் போக ஒரு நாள், வர ஒரு நாளும் சேர்த்து. தீபாவளிக்கு முன்பே நாலு வரி எழுதி அட்டெண்டன்ஸ் ஆபீசுக்கு அனுப்புங்கள். பல் டாக்டரிடம் போகவேண்டிய நாளில் முழு நாளும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே கொஞ்ச நேரமாவது பள்ளிக்கு அனுப்பி டாக்டர் சீட்டைக் கொடுத்தால், வந்ததாகவே கணக்கு.

மெயில் விஷயத்துக்கு வருகிறேன். வருகைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. டெக்சாஸில் மாநிலம் பள்ளிகளுக்குப் பணம் கொடுப்பது சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல, சராசரியாகத் தினம் வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து. 2019 முதல் ஒரு மாணவருக்கு அடிப்படைத் தொகை 6,160 டாலர். 2025-இல் அதோடு 55 டாலர் மட்டும் கூட்டினார்கள். பிள்ளைகள் குறைந்தால் பணமும் குறைகிறது, கடைசியில் பள்ளியை மூடுவதில் வந்து நிற்கிறது. 2024 ஜூனில் பிளேனோ டிஸ்ட்ரிக்டின் நிர்வாகக் குழுவான போர்டு இரண்டு தொடக்கப் பள்ளிகளையும் இரண்டு நடுநிலைப் பள்ளிகளையும் மூட ஓட்டுப் போட்டது. டேவிஸ், ஃபோர்மன், ஆம்ஸ்ட்ராங், கார்ப்பென்டர். பள்ளியைப் பார்த்தே வீடு வாங்குகிறவர்கள் நாம். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று பிரிக்கிற எல்லை மாறப்போகிற செய்தி முதலில் இப்படி ஒரு மெயிலில்தான் வரும், அதுவும் யாரும் திறந்து பார்க்காத தலைப்போடு.

அதனால் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், பள்ளி எல்லை, போர்டு கூட்டம், பாண்ட் தேர்தல் (டிஸ்ட்ரிக்ட் கடன் வாங்க மக்களிடம் ஒப்புதல் கேட்கிற ஓட்டெடுப்பு), அடுத்த வருட காலண்டர் என்று வருகிறவற்றை விடாதீர்கள். விசாவில் இருப்பவருக்கு ஓட்டு இல்லை. ஆனால் போர்டு கூட்டத்தில் பெயர் கொடுத்துப் பேச யாரும் தடுக்க மாட்டார்கள். பேசுகிறவருக்கு எதிரே நேரம் குறைந்துகொண்டே வரும், அதனால் எழுதிவைத்துப் படியுங்கள். நம் ஆட்கள் அங்கே வருவது மிகக் குறைவு. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் இந்த வகுப்பறைகளில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஐஸ் விழுகிற ஜனவரி, பிப்ரவரியில் பள்ளி உண்டா இல்லையா என்ற செய்தி விடிவதற்கு முன்பே போனுக்கு வரும். அதற்காகவாவது பெற்றோருக்கான பள்ளி இணையதளப் போர்ட்டலில் உங்கள் இருவர் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

முகூர்த்தத் தேதி முடிவானதும் எழுதுங்கள், பள்ளிக் காலண்டரை வைத்து எத்தனை நாள் போகிறதென்று சேர்ந்தே எண்ணிப் பார்க்கலாம்.