மாற்றத்தை வரைதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் பாளையங்கோட்டையில் உள்ளூர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து 'மாற்றம்' என்று ஓவியக் கண்காட்சி வைத்திருந்தார்கள். வாழ்க்கையில் நாம் எடுக்கிற முடிவுகளைப் பற்றிய படங்கள். கூட்டமே இல்லை. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பெண் நிற்கிற படத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வயது 43, வங்கியில் எழுத்தர். அம்மா பீடி சுற்றித்தான் படிக்க வைத்தாள். வேலையை விட்டுவிட்டு ஓவியத்துக்கே வந்துவிடலாமா? அம்மாவை வரைந்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

நானும் அந்தக் கண்காட்சிக்குப் போனேன். கூட்டத்தை விடுங்கள், கூட்டம் வேண்டுமென்றால் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குப் போகலாம்.

அந்தப் படத்துக்கா கண் கலங்கினீர்கள்? எனக்கு எரிச்சல்தான் வந்தது. பக்கத்திலேயே திறந்த கூண்டு, வண்ணத்துப்பூச்சி, பாதி இருட்டில் ஒரு முகம். எல்லாம் செல்போனில் காலை வணக்கத்தோடு வருகிற சரக்கு. பிள்ளைகளுக்குக் கை நன்றாகவே ஓடுகிறது. ஆனால் யாருக்கு ஐயா முடிவு இப்படிக் கைகாட்டி மரத்தோடு வந்து நின்றது?

காலண்டர் சாமிப்படங்கள் வரைந்த ஓவியர், 1898இல் பிறந்த கொண்டைய ராஜுவை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச காலம் சாமியாராக இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனிக்குப் படுதா வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அப்போது அது நம் திருநெல்வேலி மாவட்டம். அங்கேயே தங்கி ஸ்டூடியோ போட்டார். சீடர்கள் சேர்ந்தார்கள். படங்களைச் சிவகாசியில் காலண்டராக அடித்தார்கள். எங்கள் அத்தை வீட்டில் அவருடைய மீனாட்சி கல்யாணம் இருந்தது. வருஷம் முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டு, படத்துக்குச் சட்டம் போட்டு, குங்குமம் வைத்து, கடைசியில் மீனாட்சியின் நெற்றியே தெரியாமல் போய்விட்டது. கம்பெனி வேறு ஊரில் கலைந்திருந்தால்? இதில் எங்கே இரண்டு பாதை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கூடல் பக்கம் திருப்புடைமருதூருக்குப் போங்கள். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஐந்து நிலையிலும் சுவரோவியம். அதில் கப்பலில் குதிரைகள் வருகின்றன. குதிரை வந்தது நாட்டுக்கு ஒரு பெரிய மாற்றம். அதை வரைந்தவன் கப்பலையும் குதிரையையும்தான் வரைந்திருக்கிறான்.

சரி, உங்கள் படம். அம்மா மடியில் சொளவு (முறம்) இருக்கிறது, கத்தரி இருக்கிறது. இலை வெட்டுகிற தகர அளவு எங்கே? முகத்தில் இவ்வளவு சோகத்தை ஏன் ஏற்றினீர்கள்? பீடி சுற்றுகிறவர்களுக்குக் கண் இலையில் இருக்கும், வாய் பக்கத்து வீட்டுக் கதையில் இருக்கும். நுனியை மடக்குகிற விரலை மட்டும் மசமசவென்று விட்டுவிட்டீர்கள். உங்களைப் படிக்க வைத்தது அந்த விரல்தானே? இருந்தாலும், அம்மா குத்துக்காலிட்டு முதுகைச் சுவரில் சாய்த்திருக்கிற விதம் அப்படியே வந்திருக்கிறது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையை விடுவதா? வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. அவர்களிடம் கேட்காததை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? அம்மா இன்னும் பீடி சுற்றினால் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலை மட்டும் திரும்பத் திரும்ப வரையுங்கள். அனுப்புங்கள், பார்க்கிறேன்.