தெருவில் படுப்பவருக்கு முதலில் வேண்டியது அறையா, சிகிச்சையா? – கேள்வி பதில்

கொழும்பில் தெருவோரம் வாழ்பவர்களோடும் போதைப் பாவனையிலிருந்து மீள முயல்பவர்களோடும் பதினேழு வருடங்களாக உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஐந்து பேர் தங்கும் வாடகை வீடு ஒன்றையும் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து நடத்திவருகிறேன். இருப்பிடமும் சிகிச்சையும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும் என்று நான் பேசிவருவதைக் கேட்டுப் பலர் கேள்வி அனுப்பியிருந்தார்கள்.

மருதானையில் கடை வைத்திருப்பவர்: என் கடை வாசலில் ஒருவர் இரவில் படுக்கிறார். நாள் தவறாமல் கசிப்பு (கள்ளச்சாராயம்). குடியை நிறுத்திக் காட்டினால் ஓர் அறை எடுத்துக் கொடுக்கத் தயார் என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே அக்கா?

உங்கள் மனம் நல்லது அண்ணா. வரிசைதான் பிழை.

அவருடைய ஓர் இரவைப் பாருங்கள். உங்கள் ஷட்டர் இறங்கும்வரை அவருக்குப் படுக்க இடமில்லை. அதன் பிறகு அட்டைப்பெட்டியை விரிக்கிறார். கீழே வடிகான் நாற்றம், மேலே நுளம்பு. செருப்பைக் கழற்றி வைத்தால் காலையில் இருக்காது என்பதால் அதையே தலைக்கு வைத்துக்கொள்கிறார். நடுச்சாமத்தில் யாராவது வந்து எழுப்பி விரட்டுவார்கள். விடியுமுன் லொறிகள் வந்துவிடும். இடையில் கிடைக்கும் மூன்று மணிநேரத் தூக்கத்தை அவருக்குக் கொடுப்பது அந்தக் கசிப்புதான். அதை விட்டுவிட்டு வா, பிறகு படுக்க இடம் தருகிறேன் என்றால் அவர் எப்படி விடுவார்?

இந்த வரிசையை மாற்றிப் போட்டவர் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர். 1992 இல் நியூயோர்க்கில், குடியை விட்டால்தான் வீடு என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, முதலில் வீட்டைக் கொடுத்து, சிகிச்சையை அந்த வீட்டுக்கே கொண்டுபோகும் முறையைத் தொடங்கினார். கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரை வைத்து இதைச் சோதித்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், முதலில் வீடு பெற்றவர்களில் 62 வீதமானோர் முழு நேரமும் வீட்டில் இருந்தார்கள். வழக்கமான உதவிகளை மட்டும் பெற்றவர்களில் அப்படி இருந்தவர்கள் 31 வீதம்.

இன்னொன்று, அண்ணா. தயவுசெய்து அவரைத் திடீரென்று குடியை நிறுத்தச் சொல்லாதீர்கள். வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்து 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை உடல் நடுங்கி, இல்லாத உருவங்கள் தெரிந்து, மனம் குழம்பலாம். உயிரே போகலாம். வைத்தியசாலையில் மருந்தும் விற்றமின் பி1 உம் கொடுத்துப் படிப்படியாகச் செய்யும் வேலை அது. கை நடுக்கமும் வியர்வையும் கண்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரச் செய்யுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஆசிரியை: அப்படியானால் வீடு கொடுத்தாலே குடி நின்றுவிடுமா?

நிற்காது, ரீச்சர். வீடு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே கனடா ஆய்வில் போதைப் பாவனை இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. வீடு மனிதரைத் தெருவிலிருந்து காப்பாற்றும். பாவனையிலிருந்து மீட்க வேறு வேலை வேண்டும். ஆனால் அந்த வேலையைச் செய்ய ஆள் ஓர் இடத்தில் இருக்க வேண்டுமே! செவ்வாய்க்கிழமை கிளினிக் என்றால், திங்கள் இரவு அவர் எங்கே படுத்தார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புறக்கோட்டை பஸ் நிலையத்தைச் சுற்றி நான் ஆள் தேடி அலைந்த செவ்வாய்க்கிழமைகள் எத்தனையோ.

கிராண்ட்பாஸிலிருந்து ஒருவர்: மனதில் பட்டதைக் கேட்கிறேன். நான் பன்னிரண்டு மணிநேரம் உழைத்தும் வாடகை கட்டத் திணறுகிறேன். குடித்துவிட்டுக் கிடப்பவனுக்கு எதற்கு வீடு?

உங்கள் கோபம் நியாயமானது. கொழும்பில் உழைத்து வாழ்பவனுக்கே ஓர் அறை எட்டாமல் போயிருப்பது பெரிய அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தவர் நடைபாதையில் படுத்திருப்பவர் அல்ல.

செலவைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2005 இல், தீராக் குடிநோயாளிகள் 75 பேருக்கு ஒரு கட்டடம் திறந்தார்கள். உள்ளே குடிக்கவும் தடையில்லை. ஊரே எதிர்த்தது. 2009 இல் வெளிவந்த ஆய்வு, வீடு கிடைக்கும் முன் ஒருவருக்காக மாதம் சுமார் 4,066 டொலர் பொதுப்பணம் செலவானதையும், வீடு கிடைத்து ஒரு வருடத்தில் அது 958 டொலராக இறங்கியதையும் காட்டியது. வைத்தியசாலை, சிறை, அவசர சிகிச்சை எல்லாவற்றுக்கும் போய்க்கொண்டிருந்த பணம் அது. குடிக்கத் தடையில்லாத அந்த இடத்தில் குடியின் அளவும் மாதத்துக்கு மாதம் குறைந்தது. நம் நாட்டில் வைத்தியசாலை இலவசம் என்கிறோம். அதற்கான பணம் உங்கள் வரியிலிருந்தும் என் வரியிலிருந்தும்தான் போகிறது. ஒரே மனிதர் வருடத்தில் ஆறு முறை அதே வார்டுக்கு வந்து, ஆறு முறையும் அதே நடைபாதைக்கே திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

வனாத்தமுல்லை மாடிக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்: மகன் குடு (ஹெரோயின்) பாவித்தான். ஒரு நிலையத்தில் மாதக்கணக்கில் வைத்திருந்து அனுப்பினார்கள். வந்து இரண்டாம் கிழமையே மறுபடி. வீட்டை விட்டும் போய்விட்டான். கோட்டை ரயில் நிலையப் பக்கம் கண்டதாகச் சொல்கிறார்கள். நான் என்ன பாவம் செய்தேன் மகள்?

அம்மா, நீங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. இதை முதலில் நம்புங்கள்.

ஹெரோயினை நிறுத்தினால் எட்டுப் பன்னிரண்டு மணிநேரத்தில் வேதனை தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமையளவில் உடல் அடங்கும். அந்த ஒரு கிழமையைக் கடப்பதல்ல சிகிச்சை. அடங்கிய உடல் பழைய சுற்றத்துக்குத் திரும்பும்போதுதான் உண்மையான சோதனை. மாதக்கணக்கில் பாவிக்காதவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். அதனால்தான் நிலையத்திலிருந்து வெளியே வரும் முதற்கிழமைகளை நான் எல்லாவற்றையும் விட ஆபத்தான காலம் என்கிறேன். நான் பார்த்தவரை நம் ஊரில் அந்தக் கிழமைகளுக்கென்று பெரிதாக எதுவும் இல்லை. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் விரும்பி வருபவருக்கும் நீதிமன்றம் அனுப்புபவருக்கும் சிகிச்சைக்கு வழி செய்கிறது. சிகிச்சை முடிந்தவரின் கையில் பஸ் காசு இருக்கும். போக வேண்டிய முகவரி இருக்காது.

மகனைத் தேடிப் போகும்போது கண்ணீரோடு போகாதீர்கள், அம்மா. சோற்றுப் பார்சலோடு போங்கள். 'வீட்டுக்கு வா' என்று முதல் நாளே கேட்க வேண்டாம். 'நாளைக்கும் இதே நேரம் வருவேன்' என்று மட்டும் சொல்லுங்கள், சொன்னபடி போங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் பேசி ஆலோசனை கேளுங்கள். தனியாக இருந்து பாவிக்கக் கூடாது, மூச்சு நின்றால் உதவப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதையும் அவனிடம் சொல்லிவையுங்கள். கேட்கக் கசப்பான வார்த்தைதான். ஆனால் முதலில் அவன் உயிரோடு இருக்க வேண்டும்.

ஹட்டனிலிருந்து வந்து கொழும்பில் வேலை செய்யும் தம்பி: உங்கள் வீடு எப்படி நடக்கிறது அக்கா? விதிகள் உண்டா?

உண்டு தம்பி. வீட்டுக்குள் விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, வெளியாரை இரவு தங்கவைக்கக் கூடாது. வெளியே குடித்துவிட்டு வந்தால் கதவு திறக்கும். பேசாமல் போய்ப் படுக்க வேண்டும், பேச்சு காலையில். மறுபடி பாவனைக்குள் விழுந்தவரை வெளியேற்றுவதில்லை. காய்ச்சல் திரும்பியது என்று நோயாளியை யாராவது வார்டிலிருந்து துரத்துவார்களா?

முதல் வருடம் நாங்களும் பிழை விட்டோம். ஒருவர் குடித்துவிட்டு வந்த இரவில் கதவைத் திறக்கவில்லை. அன்று மழை. அவர் திரும்பி வரவே இல்லை. அந்த விதியை மறுநாளே கிழித்துப் போட்டேன். இன்றுவரை அந்த முகம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

நாட்டாமி வேலை (மூட்டை தூக்கும் வேலை) செய்த ஐயா ஒருவர் வந்தார். கட்டில், மெத்தை, மின்விசிறி எல்லாம் இருந்தும் பதினொரு இரவுகள் கதவோரம் தரையில்தான் படுத்தார், செருப்பைத் தலைக்கு வைத்து. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் செருப்பு கதவடியில் கிடந்தது, ஐயா கட்டிலில். வைத்தியரைப் பார்க்கலாமா என்று அவராகக் கேட்டது அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு. அந்த மூன்று கிழமையை நாங்கள் அவசரப்படுத்தியிருந்தால் அவர் போயிருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பெரிய விடுதிகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. நூறு பேரை ஒரு மண்டபத்தில் அடுக்கினால் தெருவைத்தான் கூரைக்குக் கீழே கொண்டுவருகிறோம். சென்னையில் தி பான்யன் அமைப்பு 2015 முதல், மனநோயிலிருந்து மீண்டவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் நாலைந்து பேராகக் குடியமர்த்துகிறது. எங்களுக்குப் பொருந்தும் அளவு அது. அக்கம்பக்கத்தார் முதலில் முறைப்பார்கள். தைப்பொங்கலுக்குப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தோம். இப்போது அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எங்கள் ஆட்கள்தான் கழுவிக் கொடுக்கிறார்கள்.

அதே தம்பி: சிகிச்சை நிலையத்தில் எல்லாம் சிங்களத்தில் நடந்தது என்று என் மாமா பாதியில் வந்துவிட்டார். இதை யாரும் பேசுவதில்லையே?

பேச வேண்டும். மருந்துக்கு மொழி வேண்டாம். குழுவில் வட்டமாக உட்கார்ந்து தன் வெட்கத்தைச் சொல்ல வேண்டியவருக்குத் தாய்மொழி வேண்டும். நான் பார்த்த ஒரு நிலையத்தில் மலையகத்து இளைஞன் ஒருவன் நாற்பது நாள் தலையாட்டிக்கொண்டே இருந்தான். நன்றாக ஒத்துழைக்கிறான் என்று குறிப்பில் எழுதியிருந்தார்கள். மாமாவை அனுப்புமுன் தமிழில் பேசும் உளவளத்துணையாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்பது உரிமை; தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழிதான்.

ஜிந்துப்பிட்டியிலிருந்து: அடையாள அட்டை தொலைந்தவருக்கு உதவ முயன்றேன். கிராம உத்தியோகத்தர் 'எந்த விலாசம்?' என்கிறார்.

முடிச்சே அங்கேதான். அட்டைக்கு கிராம உத்தியோகத்தரின் உறுதி வேண்டும். உறுதிக்கு விலாசம் வேண்டும். வாடகை அறைக்கு அட்டை வேண்டும். அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கும் இதே கதை. யாராவது ஒருவர் தன் பெயரில் அறை எடுத்து, அந்த விலாசத்தில் அவரைக் குடியிருப்பாளராகக் காட்டினால் முடிச்சு அவிழத் தொடங்கும். அட்டை தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாடு போடுங்கள். அவர் பிறந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். கூடவே போங்கள். தனியாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்.

பெயர் சொல்ல விரும்பாத பெண்: பெண்களுக்கு?

தங்கையே, பெண்களுக்கு வேறு வீடு வேண்டும், ஆண்கள் வீட்டின் ஒரு மூலை அல்ல. அடிக்குப் பயந்து ஓடிவந்தவர்களே என்னிடம் அதிகம். மாத்திரையோ மதுவோ அதன் பின்னால் வந்தது. பிள்ளையைக் கூட்டி வரலாமா என்பதே அவர்களின் முதற்கேள்வி. இல்லை என்று சொன்னால் வரமாட்டார்கள். எங்களால் இன்னும் அப்படி ஒரு வீட்டை எடுக்க முடியவில்லை. அது எனக்குத் தீராத வருத்தம்.

பல்கலைக்கழக மாணவர்: பணம் இல்லை. வேறு எப்படி உதவலாம்?

தம்பி, எங்கள் ஆட்களுக்கு மிகக் கடினமான நேரம் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. வேலை முடிந்திருக்கும், கையில் காசு இருக்கும், கால் பழைய தெருவை நோக்கி இழுக்கும். அந்த மூன்று மணிநேரம் வீட்டில் யாராவது பேச இருந்தால் போதும். புத்திமதி வேண்டாம். சனிக்கிழமை ஆறு மணிக்கு வாருங்கள். கரம் விளையாட எங்களுக்கு நான்காவது ஆள் இல்லை.