கடலடி நிலையம்: உங்கள் மகளின் பட்டிமன்றத்துக்கு

வணக்கம் மேடம். வைட்ஃபீல்டில் உங்கள் குடியிருப்புப் பட்டிமன்றத்தில் ‘கடலுக்கடியில் மனிதர் தங்கும் ஆய்வு நிலையம் தேவையே’ என்ற அணி மகளுக்கு விழுந்திருக்கிறது, ‘ரோபோ போதாதா’ என்று எதிரணி மடக்கினால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

ஆழத்தைப் பற்றிப் பேசினால் மாட்டிக்கொள்வாள். நேரத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

படகிலிருந்து 20 மீட்டர் ஆழத்துக்கு இறங்குபவர் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும். அழுத்தத்தில் நைட்ரஜன் உடலில் கரைந்துகொண்டே இருக்கும். நேரம் கடந்தபின் சட்டென்று ஏறினால், கோலி சோடாவை உடைத்த மாதிரி உள்ளேயே நுரைத்துவிடும். ஆனால் கீழேயே தங்கினால் சுமார் ஒரு நாளில் உடல் நைட்ரஜனால் நிரம்பிவிடும், அதற்குமேல் கரையாது. அப்புறம் பத்து நாள் இருந்தாலும் அழுத்தத்தை இறக்க ஆகும் நேரம் ஒன்றுதான். ஃபுளோரிடா அருகே உள்ள அக்வேரியஸ் என்ற கடலடி நிலையத்தில் அது சுமார் 17 மணி நேரம். பவளப்பாறையில் தினமும் பல மணி நேரம் வேலை பார்க்கலாம். நாசாவும் 2001 முதல் விண்வெளி வீரர்களை அங்கே பயிற்சிக்கு அனுப்பியது.

நம்ம மத்ஸ்யா 6000-ஐ மட்டும் உதாரணமாகச் சொல்ல வேண்டாம். அது மூன்று பேர் போய்த் திரும்பும் நீர்மூழ்கி. தங்கும் நிலையம் இல்லை. உண்மையில், 6000 மீட்டருக்கு ரோபோவே மேல் என்பதுதான் என் கட்சியும்!

ஆபத்தையும் மறைக்க வேண்டாம். 1969-இல் அமெரிக்கக் கடற்படையின் சீலேப் 3 என்ற கடலடி நிலைய முயற்சியில் ஒருவர் இறந்தார், திட்டமே நின்றுபோனது. எதிரணி எடுப்பதற்குள் அவளே சொல்லிவிடட்டும்.